நீலகிரி அணைகளில் பாண்டூன் படகு: காற்றடிக்கும் நாளுக்கான கேள்வி பதில்

எமரால்டு அணைப் பக்கம் என் படகை இறக்கும்போதெல்லாம் கரையில் நிற்பவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். "இது கவிழாதா?" என்பது ஒன்று. "காத்து அடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: ஒழுங்காகக் கட்டினால் சுலபத்தில் கவிழாது. இரண்டாவது கேள்விக்கு அங்கேயே நின்று பதில் சொன்னால் மீன் பிடிக்க நேரம் இருக்காது. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

பாண்டூன் என்று எதைச் சொல்கிறீர்கள்?

சுற்றுலாத் தலங்களில் இருபது பேரை ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான பெரிய படகையும் அப்படித்தான் சொல்வார்கள். நான் சொல்வது ஒற்றை ஆள் படகு. எட்டு, ஒன்பது அடி நீளத்தில் காற்றடைத்த இரண்டு டியூப், அவற்றை இணைக்கும் இரும்பு அல்லது அலுமினிய ஃபிரேம், நடுவில் ஒரு சீட், இரு பக்கமும் துடுப்பு. அவ்வளவுதான். கால் தண்ணீருக்கு மேலே தொங்கும், வேண்டுமானால் வாத்துக்கால் மாதிரியான ஃபின்னைக் காலில் மாட்டிக்கொண்டு உதைத்தும் போகலாம். அடிப்பலகை கிடையாது என்பதால் அலை உள்ளே வந்து தேங்காது, வந்த வழியே போய்விடும். பரிசல் காற்றில் தட்டாமாலை சுற்றும். இது சுற்றாது, ஆனால் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் பகுதி குறைவு, வெளியே தெரியும் பகுதி அதிகம். ஆகவே காற்று இதை இலைபோலத் தள்ளிக்கொண்டு போகும்.

காற்றில் படகை எந்தப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும்?

காற்றுக்கு முதுகைக் காட்டுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள்.

புதிதாக வருபவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்வார்கள். வண்டி ஓட்டுவது மாதிரி, காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு முன்னோக்கித் துடுப்புப் போடுவார்கள். முன்னோக்கித் தள்ளுவதில் கைக்கும் தோளுக்கும் மட்டும்தான் வேலை. பின்னோக்கி இழுக்கும்போது முதுகு, இடுப்பு, ஃபிரேமில் உதைத்த கால் எல்லாம் சேரும், பலம் இரண்டு மடங்கு தெரியும். ஃபின்னும் அப்படித்தான்: உட்கார்ந்தபடி உதைத்தால் படகு முதுகுப் பக்கமாகத்தான் நகரும். நங்கூரக் கப்பியும் பெரும்பாலான பாண்டூன்களில் சீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. நங்கூரம் போட்டதும் படகு தானாகவே காற்றுக்கு முதுகைக் கொடுத்து நிற்கும். தூண்டிலை முன்னால் வீசினால் காற்றே லைனைக் கொண்டுபோய்ப் போடும். இந்தப் படகே காற்றுக்கு முதுகு காட்டத்தான் கட்டப்பட்டிருக்கிறது, நாம்தான் திருப்பி உட்காருகிறோம்.

ஒரு எச்சரிக்கை. இந்த வழக்கத்தை ஃபைபர் படகுக்கோ சாதாரண மரப்படகுக்கோ கொண்டு போகாதீர்கள். பின்பக்கம் தாழ்ந்த படகை அங்கிருந்து நங்கூரமிட்டால் அலை உள்ளே ஏறி மூழ்கடித்துவிடும். அவற்றுக்கு முன்மூக்கில்தான் நங்கூரம்.

நங்கூரம் எவ்வளவு எடை, எவ்வளவு கயிறு?

காற்று இல்லாத நாளில் இரண்டு கிலோ போதும். காற்றடிக்கும் நாளில் மூன்றரை முதல் ஐந்து கிலோ வரை வையுங்கள். ஆனால் எடையைவிடக் கயிறுதான் முக்கியம். கயிறு செங்குத்தாக நின்றால் ஒவ்வொரு அலையும் நங்கூரத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். சாய்வாகக் கிடந்தால்தான் அது மண்ணைக் கவ்வும். ஆழத்தைப்போல் மூன்று மடங்கு சாதாரண நாளுக்கு, ஐந்து மடங்கு காற்று நாளுக்கு. ஐந்து மீட்டர் ஆழமென்றால் 25 மீட்டர் கயிறு. அதைவிட ஆழத்தில் நான் நங்கூரம் போடுவதில்லை. நடு அணையில் முப்பது மீட்டர் ஆழத்தில் யாரும் மீனைத் தேடப் போவதுமில்லை.

எட்டு மில்லிமீட்டர் பின்னல் கயிறு வாங்குங்கள். மெல்லிய நைலான் கயிறு ஈரக்கையை அறுத்துவிடும், குளிரில் அது தெரியக்கூடத் தெரியாது.

மடக்கினால் குடைபோல் சுருங்கும் நான்கு கொக்கி நங்கூரம் எல்லோரும் விரும்பி வாங்குவது. பாறை இருந்தால் நல்லது. நம் அணைகளின் களிமண்ணில் அது உழுதுகொண்டே வரும். அடி அகலமான, காளான் வடிவ நங்கூரம் சேற்றுக்குப் பொருந்தும். ஒன்றுமே இல்லையென்றால் பழைய மளிகைக்கடையின் ஐந்து கிலோ எடைக்கல் பரவாயில்லை.

நங்கூரம் அடியில் மாட்டிக்கொண்டால்?

மாட்டும். அணை கட்டும்போது மூழ்கிய நிலத்தில் வேர்க்கட்டைகள் கிடக்கின்றன. இதற்கு ஒரு பழைய உபாயம் இருக்கிறது. கயிற்றை நங்கூரத்தின் மேல் வளையத்தில் கட்டாதீர்கள். கொக்கி இருக்கும் அடிப்பக்கத்தில் கட்டி, தண்டு வழியாகக் கொண்டுவந்து, மேல் வளையத்தில் சாக்குத் தைக்கும் சணலால் ஒரு சுற்றுக் கட்டுங்கள். சாதாரண இழுப்புக்குச் சணல் தாங்கும். மாட்டிக்கொண்டால் ஒரே வெட்டாக இழுங்கள். சணல் அறுந்து நங்கூரம் தலைகீழாகத் திரும்பி வெளியே வந்துவிடும். செலவு ஐம்பது காசு.

அதுவும் வரவில்லையென்றால் கத்தி. லைஃப் ஜாக்கெட்டின் மார்பிலேயே, ஒரு கையால் உருவக்கூடிய மாதிரி. பையின் அடியில் கிடக்கும் கத்தி கத்தியே இல்லை.

பக்கவாட்டில் இருக்கும் வளையத்தில் நங்கூரக் கயிற்றைக் கட்டலாமா? அது கைக்கு எட்டுகிறதே.

கூடாது. நான் கட்டியிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

முதல் வருடம், ஒரு தை மாதக் காலை. கப்பி இறுகியிருந்தது, சோம்பேறித்தனத்தில் வலது டியூபின் வளையத்தில் கயிற்றை முடிந்துவிட்டேன். பத்து மணி வரை தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அப்புறம் பள்ளத்தாக்கிலிருந்து காற்று எழுந்தது. படகு குறுக்காகத் திரும்பியது. கயிறு வலது டியூபைக் கீழே இழுக்கிறது, இடது பக்கம் தூக்கிக்கொள்கிறது, அலை என் மடிக்கு வருகிறது. முடிச்சோ ஈரத்தில் இறுகிக் கல்லாகிவிட்டது. கயிற்றை அறுத்துத்தான் தப்பினேன். நங்கூரம் இன்றும் அங்கேதான் கிடக்கிறது. இந்தப் படகு கவிழ வேண்டுமானால் அது இப்படித்தான் கவிழும்.

கயிறு பின்பக்கக் கப்பி வழியாகப் போய், கைக்கு எட்டும் கிளீட்டில், அதாவது கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பூட்டில், பூட்ட வேண்டும். ஒரே இழுப்பில் விடுபட வேண்டும். முடிச்சே போடக் கூடாது.

முன்னும் பின்னும் இரண்டு நங்கூரம் போட்டால் படகு ஆடாமல் நிற்குமாமே?

நிற்கும், காற்று ஒரே திசையில் அடிக்கும் வரை. நம் மலைகளில் அது ஒரே திசையில் அடிப்பதில்லை. ஒரு மடிப்பில் மேற்கிலிருந்து வரும், அடுத்த மடிப்பில் சுழன்று வடக்கிலிருந்து வரும். இரண்டு நங்கூரத்திலும் படகு கட்டுண்டு கிடக்கும்போது காற்று பக்கவாட்டில் திரும்பினால், மேலே சொன்ன தை மாதக் கதைதான். இரண்டாவது போடுவதென்றால் முன்னால் லேசானதாக, இரண்டு கிலோ போதும். காற்று திரும்பினால் முதலில் அதை எடுங்கள்.

டியூபில் எவ்வளவு காற்று அடைப்பது?

தயாரிப்பாளர் வால்வுக்குப் பக்கத்தில் அச்சடித்திருக்கும் எண்தான் கணக்கு. பெரும்பாலும் 2 முதல் 3 பிஎஸ்ஐ (டயருக்குக் காற்றடிக்கும்போது சொல்லும் அதே அழுத்த அளவு). ஆனால் மலைக்கு வருபவர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது, கீழே இருந்து வரும் நண்பர்கள் வருடம் ஒருவராவது இதில் விழுகிறார்கள்.

மேட்டுப்பாளையத்தில் பஞ்சர் கடை கம்ப்ரசரில் டியூபை நிரப்பி, பிக்கப்பில் கட்டி, மேலே கொண்டு வருவார்கள். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து முன்னூறு மீட்டர் சொச்சம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். இடையில் வெளிக்காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட 3 பிஎஸ்ஐ குறைந்துவிடுகிறது. வெளியே அழுத்தம் குறைந்தால் உள்ளே இருக்கும் காற்று அவ்வளவும் தையலை நெருக்கும். மேலே இருக்கும் குளிர் அதில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், ஆனாலும் கீழே 2.5 வைத்தது இங்கே 4-ஐத் தாண்டி நிற்கும். சிப்ஸ் பாக்கெட் குன்னூர் தாண்டும்போது தலையணை மாதிரி உப்புவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதை. பாக்கெட்டை எறிந்துவிடலாம், தையல் விட்ட டியூபை என்ன செய்வது? காற்றில்லாமல் மடித்துக் கொண்டு வாருங்கள், கரையில் கைப்பம்பால் அடியுங்கள்.

இன்னொரு விஷயம். கரையில் வெயிலில் கல்லாக இருந்த டியூப், குளிர்ந்த தண்ணீரில் இறங்கிய பத்து நிமிடத்தில் தொய்யும். தொய்ந்த டியூப் ஒவ்வொரு அலைக்கும் நடுவில் வளைந்து, நீங்கள் போடும் துடுப்பில் பாதியை விழுங்கிவிடும். கரையோரமாகவே ஒரு சுற்று வந்து, மறுபடி நாலு அடி அடித்துவிட்டு அப்புறம் போங்கள். திரும்பி வந்து படகை வெயிலில் போட்டால் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டுத்தான் டீ குடிக்கப் போக வேண்டும்.

சாமான்களை எங்கே வைப்பது?

கனமானதைப் பின்னால், தாழ்வாக. கனமான முனை தண்ணீரில் ஆழமாக இறங்கி நிற்கும், லேசான முனையைக் காற்று தள்ளித் திருப்பிவிடும். ஆகவே பின்பக்கம் கனமாக இருந்தால் படகு தானாகவே காற்றுக்கு முதுகைக் கொடுக்கும். அளவுக்கு மீறினால் பின்னால் அலை ஏறும். டியூபின் பின்முனை பாதிக்கு மேல் முழுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயரமாக எதையும் நிறுத்தாதீர்கள். சீட்டுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் தூண்டில் ராடு, வலை, குடை எல்லாமே பாய்மரம். மீன் பிடிக்கும் நேரத்தில் துடுப்பையும் நீட்டி விடாமல் டியூபை ஒட்டி மடக்குங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நான்கு மடங்காகும். சிறியதாகத் தெரியும் வலைக்கூடையும் அப்போது கணக்கில் வரும்.

நங்கூரம் போடாமல் மிதந்துகொண்டே மீன் பிடிக்க முடியுமா?

முடியும், எனக்குப் பிடித்ததும் அதுதான். படகின் வேகத்தைக் குறைக்க ஓர் இழுவைப் பை வேண்டும். தண்ணீருக்குள் விரியும் கூம்புத் துணி அது. கடையில் வாங்கலாம். நான் பயன்படுத்துவது தேயிலைக் கொழுந்து கட்டும் பழைய சாக்கு: வாயில் ஒரு பிரம்பு வளையம், அடியில் கையகலத்துக்கு ஓர் ஓட்டை, நாலு கயிறு சேர்த்து ஒரு கயிறு. ஓட்டை இல்லையென்றால் சாக்கு பம்பரமாகச் சுற்றும். இதையும் பின்பக்கத்தில்தான் கட்ட வேண்டும். காற்று முன்னால் தள்ளும், சாக்கு பின்னால் பிடிக்கும், படகு நடக்கிற வேகத்தில் பாதிக்குப் போகும். முன்னால் வீசி மெதுவாகச் சுருட்டிக்கொண்டே போகலாம்.

காற்றடிக்கும் நாளில் தண்ணீர்மேல் நீளநீளமாக நுரைக்கோடுகள் தெரியும், காற்றடிக்கும் திசையிலேயே. மேல்மட்டத் தண்ணீர் இருபக்கமிருந்தும் வந்து சேரும் இடம் அது. கரையிலிருந்து அடித்து வந்த பூச்சி, வண்டு எல்லாம் அதில்தான் சேரும். அந்தக் கோட்டின் ஓரமாக மிதந்து பாருங்கள். ட்ரவுட் மீன் அந்தக் கோட்டில் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு எதிர்க்காற்றில் ஏறி வரும். காற்றைத் திட்டுபவர்கள் இதைப் பார்த்ததில்லை.

மோட்டார் வைக்கலாமா?

அனுமதி கிடைத்தால் சிறிய மின்மோட்டார் வைக்கலாம். மலை உயரத்தில் பெட்ரோல் எஞ்சின் ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழந்துவிடும், மின்மோட்டாருக்கு அந்தக் கவலை இல்லை. 12 வோல்ட், 30 பவுண்டு உந்துவிசை மோட்டார் முழு வேகத்தில் சுமார் 30 ஆம்பியர் குடிக்கும். 60 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது என்பதால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அதை மீன் தேடுவதில் செலவழித்துவிட்டு எதிர்க்காற்றில் திரும்பும்போது தவிப்பவர்கள்தான் அதிகம். என் அபிப்பிராயம்: துடுப்பால் திரும்பி வர முடியாத தூரத்துக்கு மோட்டாரால் போகாதீர்கள்.

காற்று எப்போது எழும், எப்படிக் கணிப்பது?

மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் காலைகள் அசையாமல் இருக்கும். வெயில் ஏறி பத்து, பதினொரு மணிக்குக் காற்று எழும். சித்திரை, வைகாசியில் மதியம் கருத்து இடியோடு வரும். இடி கேட்டால் கரைக்கு வந்துவிடுங்கள், கையில் கார்பன் ராடு இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

போனில் பார்க்கும் காற்று வேகம் பள்ளத்தாக்குக்குள் பொருந்தாது. கரையில் நிற்கும் கற்பூர மரத்தைப் பாருங்கள். இலையும் சிறு குச்சியும் ஓயாமல் ஆடினால் மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். தண்ணீரில் அங்கங்கே வெள்ளை நுரை தலைகாட்டும், மீன் பிடிக்க அருமையான காற்று. சிறு கிளைகள் ஆடி, நுரை எங்கும் தெரிந்தால் 20 முதல் 28. கரையை ஒட்டி, நங்கூரத்தோடு மட்டும். இளமரம் முழுக்க ஆடினால் படகை இறக்க வேண்டாம்.

எந்த நாளாக இருந்தாலும் முதலில் எதிர்க்காற்றில் போங்கள். களைத்த பிறகு காற்று உங்களைக் கொண்டுவந்து விடட்டும்.

ஆடி மாதத்தில் போகலாமா?

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், காற்றடைத்த டியூப் எந்த மூலை? தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதும் இடம் அவலாஞ்சியும் அப்பர் பவானியும். 2019 ஆகஸ்ட் 8 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஆனி முதல் புரட்டாசி வரை படகைக் கழுவி, நிழலில் காயவைத்து, எலி புகாத இடத்தில் மடித்து வையுங்கள்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

அணை மின்வாரியத்துடையது, கரை பல இடங்களில் வனத்துறையுடையது, மீன் மீன்வளத் துறையுடையது. மீன்பிடி உரிமம், உள்ளே போக அனுமதி, சொந்தப் படகு இறக்க அனுமதி மூன்றும் வேறு வேறு. ஒன்று கையில் இருப்பதால் மற்றது இருப்பதாக நினைக்காதீர்கள். முக்கூர்த்தி தேசியப் பூங்காப் பக்கம் படகோடு போகும் எண்ணமே வேண்டாம்.

எதிர்க்கரைக்கு அடித்துக்கொண்டு போய்விட்டால்?

பதறாமல் கரையோரம் ஒதுங்குங்கள். கரையை ஒட்டித் தரை மடிப்புகளின் மறைவில் துடுப்புப் போட்டுக்கொண்டே சுற்றி வரலாம், நேர் குறுக்கே வருவதைவிட இரண்டு மடங்கு தூரம், பாதி சிரமம். முடியவில்லையென்றால் உட்கார்ந்து காத்திருங்கள், சாயங்காலம் பெரும்பாலும் காற்று அடங்கும். படகைப் போட்டுவிட்டுக் காட்டுக்குள் நடக்காதீர்கள். அந்தக் கரையில் காட்டெருமை நிற்கும், அனுமதியும் இருக்காது. பல இடங்களில் போன் எடுக்காது. எந்தக் கரையில் இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கழுத்தில் ஒரு விசில்.

லைஃப் ஜாக்கெட் கட்டாயமா? எனக்கு நன்றாக நீந்தத் தெரியும்.

கட்டாயம். பவானி ஆற்றில் நீந்திப் பழகியவருக்கும் இந்தக் குளிரில் விழுந்த முதல் நிமிடம் மூச்சு அவர் வசம் இருக்காது. அந்த நிமிடத்தில் நீச்சல் உதவாது, மிதப்பது உதவும்.

கொடைக்கானல் ஏரியில் இதெல்லாம் தேவையா?

கொடைக்கானல் ஏரி 24 ஹெக்டேர், சுற்றிலும் மேடு, மரம். 1863-இல் லெவிஞ்ச் துரை உருவாக்கிய காலத்திலிருந்தே அது நிதானமான தண்ணீர். அங்கே துடுப்புப் படகும் மிதிபடகும் நெருக்கியடிக்கும், சொந்தப் படகுக்கு இடம் எதிர்பார்க்காதீர்கள். கெண்டைக்குக் கரையிலிருந்து தூண்டில் போடுவது நல்லது, அதற்கும் உரிமம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நண்பரையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

சீட் ஒன்றுதான். அவருக்குத் தனிப் படகு வேண்டும். இரண்டு படகாகப் போவது தனியாகப் போவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் பேசிக்கொண்டிருக்க வசதி என்று இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடாதீர்கள். ஒரு நங்கூரம் இரண்டு படகின் காற்றையும் தாங்காது. அவர் தன் நங்கூரத்தைத் தனியாகப் போடட்டும், உங்களுக்குப் பக்கவாட்டில், கயிறு நீளத்துக்கு அப்பால். உங்களுக்கு நேர் முன்னால் மட்டும் வேண்டாம். அவருடைய நங்கூரம் பிடி விட்டால் காற்று அவரை உங்களிடமிருந்து தள்ளிக்கொண்டு போய்விடும், உங்களுடையது விட்டால் நீங்கள் போய் அவர் மேலேயே விழுவீர்கள்.